பாவஞ்செய்தேன்னு சொன்ன பிறகு எந்தப் பக்கம் திரும்புறோம்

தம்பி, நீங்க எழுதினத ரெண்டு மூணு தடவ படிச்சேன். பத்து வருஷமா விசுவாசத்துல இருக்கீங்க, ஞாயிறு பள்ளியில பிள்ளைங்களுக்கு பாடம் எடுக்குறீங்க, ஆனா நண்பர் ஒருத்தர் நம்பிக் குடுத்து வச்ச பணத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து கணக்க மாத்திக் காட்டிட்டீங்க, இப்ப நிறுத்திட்டீங்க, பாதிய திரும்ப வச்சுட்டீங்க, அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஜெபிக்க உக்காந்தா வாயே வரல, மூணு மாசமா சபையில தர்ற அப்பமும் ரசமும், அதான் திருவிருந்து, எடுக்கல, "நான் தகுதி இல்லாதவன், தூரமா ஒதுங்கி நிக்கிறதுதான் எனக்குத் தாழ்மை"ன்னு எழுதியிருக்கீங்க. கடைசியா "தேவன் என்னை இன்னும் ஏத்துக்குவாரா"ன்னு கேட்டிருக்கீங்க.

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ஏத்துக்குவார். இதுல எனக்கு துளிகூட சந்தேகம் இல்ல. ஆனா ஒதுங்கி நிக்கிறது தாழ்மைன்னு சொல்றீங்கல்ல, அதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல, அதப் பத்திதான் கொஞ்சம் நீளமா பேசணும், ஏன்னா நானும் அதே இடத்துல மாசக்கணக்கா உக்காந்திருந்தவன்.

வேதத்துல "பாவஞ்செய்தேன்"ங்கற வார்த்தைய யார் யார் சொல்றாங்கன்னு ஒருநாள் உக்காந்து தேடிப் பாருங்க. பார்வோன் சொல்றான், கல்மழை தலையில கொட்டினப்போ, "நான் இந்த முறை பாவம் செய்தேன்"னு. மழை நின்னதும் பழையபடி ஆயிட்டான். இஸ்ரவேலோட முதல் ராஜா சவுல் சொல்றான். அவனுக்கு அப்புறம் ராஜாவான தாவீது சொல்றான். இயேசுவ காட்டிக்கொடுத்த யூதாஸ் சொல்றான். இயேசு சொன்ன உவமையில, அப்பா சொத்துல தன் பங்க வாங்கிட்டுப் போய் அழிச்சுட்டு, பன்றி மேய்க்குற நிலைக்கு வந்து, வீடு திரும்புன இளைய குமாரனும் சொல்றான். எல்லார் வாயிலயும் ஏறக்குறைய அதே வார்த்தைதான், ஆனா அதுக்கு அடுத்தது என்ன வந்துச்சுங்கறதுல மொத்தமும் வேற வேற. அப்ப வெறும் ஒப்புக்கொள்றதோ அழறதோ மட்டும் மனந்திரும்புதல் இல்ல. நம்ம தமிழ் வார்த்தையிலயே பாருங்க, மனம் 'திரும்புதல்'. பழைய ஏற்பாட்டுல இதுக்கு வர்ற எபிரெய வார்த்தை 'ஷூப்', அதுக்கும் நேரடி அர்த்தம் திரும்புறது, திரும்பி வர்றதுதான், வழியில போற ஒரு ஆள் நின்னு திரும்பி வர்றதுக்கும் அதே வார்த்தைதான். அப்ப திரும்புனவன் எங்கயோ வந்து சேரணும்ல. நீங்க பாவத்த விட்டு திரும்பிட்டீங்க, சரி, ஆனா தேவன் பக்கம் வந்து சேரல, நடுவழியில நின்னுட்டிருக்கீங்க.

சவுல எடுத்துக்கோங்க. அமலேக்கியரையும் அவங்க ஆடு மாட்டையும் முழுசா அழிக்கச் சொன்னதுக்குக் கீழ்ப்படியல, தீர்க்கதரிசி சாமுவேல் வந்து கேட்டா முதல்ல ஜனங்க மேல பழியப் போடறான், ஆடு மாட்ட பலி குடுக்கத்தான் வச்சிருக்கோம்னு சாக்கு சொல்றான், கடைசில வேற வழியில்லாம பாவஞ்செய்தேன்னு ஒத்துக்கறான். ஆனா அதே மூச்சுல என்ன கேக்கறான் தெரியுமா, மூப்பருக்கு முன்னாடியும் இஸ்ரவேலுக்கு முன்னாடியும் என்னை கனம்பண்ணி என்கூட வாரும்னு. பாவம் போகணும்ங்கற கவலை இல்ல, முகம் போயிடக்கூடாதுங்கற கவலை.

தாவீது செஞ்சது சவுல் செஞ்சத விட ரொம்ப மோசம். அடுத்தவன் மனைவி பத்சேபாளோட தப்பா நடந்துகிட்டது, அப்புறம் அத மறைக்க அவ புருஷன் உரியாவ போர்ல முன்னாடி நிறுத்திக் கொன்னது. பிள்ளை பிறக்குற வரைக்கும் வாயே திறக்கல. அந்த மாதிரி காலம் உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்ங்கறது 32ஆம் சங்கீதத்துல இருக்கு, "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று"ன்னு. வாய் வரலன்னு எழுதினீங்களே, அந்த எலும்பு உலர்றதுதான் அது. தீர்க்கதரிசி நாத்தான் வந்து ஒரு ஏழையோட ஒரே ஆட்டுக்குட்டிய ஐசுவரியவான் பிடுங்கி சமைச்ச கதைய சொன்னதும் தாவீதுக்கு கோபம் பொத்துக்கிட்டு வருது, அவன் சாகணும், நாலு மடங்கு திருப்பித் தரணும்னு தீர்ப்பே சொல்லிடறான். "நீயே அந்த மனுஷன்"னார் நாத்தான். அதுக்கப்புறம் தாவீது சொன்ன பதில் எபிரெயத்துல ரெண்டே ரெண்டு வார்த்தை, தமிழ்ல "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்". அவ்வளவுதான். சூழ்நிலை அப்படி, அவ ஏன் அங்க குளிச்சா, நான் ராஜா எனக்கு டென்ஷன் ஜாஸ்தி, ஒண்ணும் இல்ல. கொல்லாம விடுன்னுகூட கேக்கல. தாழ்மைன்னா எனக்கு இந்த ரெண்டு வார்த்தைதான் ஞாபகம் வரும், உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வாய மூடிக்கறது.

இப்ப யூதாஸ். இவனப் பத்தி பிரசங்கத்துல அவ்வளவா ஆழமா பேச மாட்டாங்க, ஆனா உங்க கேள்விக்கு இவன்தான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன். மத்தேயு 27ல பாருங்க, அவன் மனஸ்தாபப்பட்டான், 30 வெள்ளிக்காச திரும்பக் கொண்டுபோனான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்து பாவஞ்செய்தேன்னு தெளிவா அறிக்கையிட்டான். வருத்தம் இருக்கு, அறிக்கை இருக்கு, பணத்த திருப்பித் தர்றதும் இருக்கு, ஒரு செக்லிஸ்ட் போட்டா எல்லாத்துலயும் டிக் விழும். ஆனா போனது யார்கிட்ட? பிரதான ஆசாரியர்கிட்ட. அவங்க "எங்களுக்கென்ன, அது உன்பாடு"ன்னாங்க. அவன் போக வேண்டிய ஒரே ஒரு ஆள்கிட்ட மட்டும் போகல. தனக்குத்தானே நியாயாதிபதியா உக்காந்து தீர்ப்பு எழுதி அத தானே நிறைவேத்திட்டான். உங்களுக்கும் அந்த மாதிரி உயிர மாய்ச்சுக்கலாமான்னு ஒரு நினைப்பு எப்பயாவது எட்டிப் பாத்துச்சுன்னா, தயவு செஞ்சு இத படிக்கறத நிறுத்திட்டு இப்பவே பக்கத்துல இருக்குற ஒருத்தர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, டாக்டர்கிட்டயும் போங்க, அது விசுவாசக் குறைச்சல் கிடையாது.

யூதாஸ் காட்டிக்கொடுத்த அதே ராத்திரிதான் இன்னொரு சீஷன் பேதுருவும் விழுந்தான். இயேசுவ தெரியவே தெரியாதுன்னு மூணு தடவ மறுதலிச்சான், சபிக்கவும் சத்தியம் பண்ணவும் தொடங்கினான். ரெண்டு பேரும் அழுத அழுகையில எது ஜாஸ்திங்கறது இல்ல வித்தியாசம். லூக்கா 22ல அவன் விழறதுக்கு முன்னாடியே இயேசு சொல்லிட்டார், உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்துன்னு. 'குணப்பட்டபின்பு'ன்னு சொல்றார் பாருங்க, குணப்பட்டால்னு சொல்லல. விழப்போறதும் தெரியும், எழும்பப்போறதும் தெரியும், எழும்பினப்புறம் குடுக்க வேண்டிய வேலையும் ரெடியா இருக்கு. நம்ம நம்பிக்கை இங்கதான் நிக்குது தம்பி, நம்ம மனந்திரும்புதல் எவ்வளவு உண்மைங்கறதுல நின்னா நாம காலி, ஏன்னா என் அழுகையில எவ்வளவு உண்மை எவ்வளவு பயம் எவ்வளவு சுயபரிதாபம்னு எனக்கே பிரிச்சுச் சொல்ல முடியாது.

இன்னொண்ணு இத சொல்லாம என்னால போக முடியாது. யோவான் 18ல பேதுரு மறுதலிக்கும்போது குளிர் காய்ஞ்சது ஒரு கரிநெருப்பு பக்கத்துல. யோவான் 21ல உயிர்த்தெழுந்த இயேசு கரையில நிக்கும்போது அங்கயும் கரிநெருப்பு, மேல மீன், பக்கத்துல அப்பம். புதிய ஏற்பாட்டுலயே அந்த கிரேக்க வார்த்தை இந்த ரெண்டே இடத்துலதான் வருது. நனைஞ்ச துணியோட கரையேறி வர்றவனுக்கு அந்த கரி வாசனை மூக்குல ஏறியிருக்கும்ல, அந்த ராத்திரி அப்படியே ஞாபகம் வந்திருக்கும்ல. மறக்க வச்சு மன்னிக்கல. எந்த நெருப்புகிட்ட விழுந்தானோ அதே மாதிரி ஒரு நெருப்புகிட்ட உக்கார வச்சு முதல்ல சாப்பாடு, அப்புறம் மூணு தடவ கேள்வி, "என்னை நேசிக்கிறாயா"ன்னு. மூணாவது தடவ கேட்டதுல அவனுக்கு துக்கமாயிடுச்சுன்னு எழுதியிருக்கு. வலிக்கத்தான் செஞ்சுது. ஆனா ஒவ்வொரு தடவையும் கூடவே என் ஆடுகள மேய்ன்னு தன் ஜனங்களையும் கையில குடுத்தார்.

என் கதைய சுருக்கமா சொல்றேன். வேலையில என் தப்பு ஒண்ணு, அத கூட இருந்த ஒருத்தர் மேல தள்ளி விட்டேன், அவருக்கு வர வேண்டிய ப்ரமோஷன் தள்ளிப் போச்சு. எட்டு மாசம் நானும் உங்கள மாதிரியே கடைசி வரிசையில உக்காந்து, பாட்டு வந்தா வாய மட்டும் அசைச்சு, நான் தகுதி இல்லாதவன்னு எனக்கு நானே ஒரு தண்டனை போட்டுக்கிட்டு இருந்தேன். உள்ளுக்குள்ள ஒரு எண்ணம், இன்னும் கொஞ்ச நாள் நல்லா இருந்து காட்டிட்டு அப்புறம் முகத்த காட்டலாம்னு. யோசிச்சுப் பாத்தா அது சுத்தப் பெருமை. நானே என்னை கழுவிட்டு வருவேன், அழுக்கோட உம்ம கையில என்னை தர மாட்டேன்னு தேவன்கிட்ட சொல்ற மாதிரி அது. அவர் மன்னிக்கறேன்னு சொல்றார், நான் இல்ல இல்ல என் ஸ்டாண்டர்டுக்கு அது பத்தாதுன்னு சொல்றேன்.

இளைய குமாரன் பன்றிகிட்ட உக்காந்து ஒரு பேச்சு ரெடி பண்ணான்ல, அதுல மூணு பகுதி இருக்கு. பாவஞ்செய்தேன், நான் உம்முடைய குமாரன்னு சொல்லப்பட பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து சொல்லும்போது எண்ணிப் பாருங்க, ரெண்டுதான் இருக்கும். மூணாவது வரி வரல, அதுக்குள்ள தகப்பன் வேலைக்காரங்கள பாத்து வஸ்திரத்த கொண்டுவாங்கன்னு ஆரம்பிச்சுட்டார். பாவஞ்செய்தேன்னு சொல்ல விட்டார், பாத்திரன் அல்லன்னு சொல்லவும் விட்டார், அது உண்மைதான, கூலிக்காரனா இருக்கேன்ங்கற அந்த பேரத்த மட்டும் கேக்கவே இல்ல. நீங்களும் நானும் தாழ்மைன்னு நினைச்சு கையில வச்சிருக்குறது அந்த மூணாவது வரிதான் தம்பி. கூலிக்காரனா இருந்தா சௌகரியம் ஒண்ணு இருக்கு, வேலை செஞ்சு கணக்க தீர்த்துடலாம், யாருக்கும் கடன்பட வேண்டாம். மகனா இருந்தா ஆயுசுக்கும் இரக்கத்துல வாழணும், அதுதான் கஷ்டம். அதுக்குத்தான் நிஜமான தாழ்மை வேணும்.

பவுல் 2 கொரிந்தியர் 7ல ரெண்டு துக்கத்த பிரிச்சுக் காட்டறார், தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம். ஒண்ணு மனந்திரும்புதலுக்கு கொண்டுபோகுது, இன்னொண்ணு மரணத்துக்கு. நமக்கு வந்திருக்குறது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு நிறைய பேர் கேப்பாங்க. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த துக்கம் உங்கள எங்க தள்ளுது? ஜெபத்துக்கும் நீங்க காயப்படுத்தின ஆளுக்கும் கிட்ட தள்ளுதா, இல்ல ரெண்டு பேர்கிட்ட இருந்தும் ஒளிஞ்சுக்க சொல்லுதா. ஆதாம் மரங்களுக்கு நடுவுல ஒளிஞ்சப்பவும் அவனுக்கு வெக்கம் இருந்துச்சு, பயம் இருந்துச்சு, ஆனா அத யாரும் மனந்திரும்புதல்னு சொல்றதில்ல.

சரி, நண்பர் விஷயம். இதுல உங்களுக்கு இனிக்கிற மாதிரி பேச மாட்டேன், ஏன்னா அது உங்களுக்கு செய்ற உதவி இல்ல. பாதி பணத்த தெரியாம திரும்ப வச்சது நல்லதுதான், மீதியையும் வச்சுட்டா முடிஞ்சதுன்னு நினைக்கறீங்கன்னு தோணுது. முடியாது. நீங்க திருடினது பணத்த மட்டும் இல்ல, உண்மையையும். மாத்தி எழுதின கணக்க அவர் இன்னும் நம்பிட்டு இருக்கார். எண்ணாகமம் 5ல சட்டம் என்ன சொல்லுதுன்னா முதல்ல பாவத்த அறிக்கையிடணும், அப்புறம் முதலோட அஞ்சுல ஒரு பங்கு கூட்டி யாருக்கு குற்றம் செஞ்சானோ அவனுக்கே தரணும். வரி வசூல் பண்ணிட்டிருந்த சகேயு, ஏமாத்தி வாங்கினத நாலத்தனையா தரேன்னான், அதுபோக ஆஸ்தியில பாதி ஏழைகளுக்கு. நீங்க அஞ்சுல ஒண்ணா நாலு மடங்கான்னு கால்குலேட்டர எடுக்க வேண்டாம், ஆனா ஒண்ண கவனிங்க, சகேயு குடுத்ததால இயேசு அவன் வீட்டுக்கு வரல. வீட்டுக்கு வரேன்னு முதல்ல சொன்னார், அதுக்கப்புறம்தான் அவன் கை திறந்துச்சு.

நான் அந்த ஆள்கிட்ட போய் சொன்ன அன்னிக்கு அவர் ஒண்ணும் பேசல. கையில இருந்த பேனா மூடிய கழட்டறதும் மாட்டறதுமாவே ரொம்ப நேரம் இருந்தார், எனக்கு அந்த டிக் டிக் சத்தம் இப்பவும் காதுல இருக்கு. அப்புறம் "எனக்கு அப்பவே தெரியும்"னார். மன்னிச்சேன்னு சொல்லல. மேலதிகாரிகிட்டயும் போய் சொன்னேன், எனக்கு அதுல நஷ்டம் வந்துச்சு, வர வேண்டியதுதான். அவரும் நானும் இன்னிக்கும் பழைய மாதிரி இல்ல, பாத்தா பேசுவோம், அவ்வளவுதான். ஆனா அன்னிக்கு ராத்திரி எட்டு மாசத்துக்கு அப்புறம் முழங்கால்ல நின்னப்போ வாய் வந்துச்சு.

இத ஏன் சொல்றேன்னா, மன்னிப்பு கிடைச்சா விளைவுகளும் போயிடும்னு நினைச்சுடாதீங்க. தாவீதுக்கு "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்"னு அதே நிமிஷத்துல சொல்லப்பட்டுச்சு, ஆனாலும் பிள்ளை செத்துது. (நமக்கு வர்ற ஒவ்வொரு கஷ்டத்தையும் இதுக்கான தண்டனைன்னு கணக்கு பாக்கறது தப்பு, அது வேற விஷயம்.) ஏழு நாள் தரையில கிடந்தவன், பிள்ளை போயிடுச்சுன்னு தெரிஞ்சதும் எழுந்திருச்சு, குளிச்சு, எண்ணெய் பூசி, வேற துணி மாத்திக்கிட்டு, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய் பணிஞ்சுகிட்டான், அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பாடு போடச் சொன்னான். ஊழியக்காரங்களுக்கே புரியல. கேட்டது கிடைக்காம போன அன்னிக்கே போய் அவர் முன்னாடி விழ முடிஞ்சுது பாருங்க. எனக்கு தாவீது மன்னிப்பு கேட்டு பாடின 51ஆம் சங்கீதத்த விட இந்த ஒரு வசனம் சில நாள் பெருசா தெரியும்.

திரும்ப விழுந்துடுவேனோன்னு பயம் இருக்கும். இருக்கணும். நீதிமொழிகள் 28:13 அறிக்கை செய்றதோட நிறுத்தல, "அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்"னு சொல்லுது, அதனால இனிமே அடுத்தவங்க பணம் எதையும் உங்க கையில வச்சுக்காதீங்க, உங்க கணக்க மாசம் ஒரு தடவ பாக்கற மாதிரி நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட ஒப்படைங்க, யாக்கோபு 5:16 சொல்ற ஒருத்தருக்கொருத்தர் அறிக்கையிடறது நடைமுறையில இப்படித்தான் இருக்கும். அப்படியும் மனசு முழுசா மாற நாளாகும். 'அமேசிங் கிரேஸ்' பாட்ட எழுதின ஜான் நியூட்டன் தெரியும்ல, 1748ல புயல்ல மாட்டி தேவனை கூப்பிட்டவர், அதுக்கு அப்புறமும் 1754 வரைக்கும் அடிமைக் கப்பல்கள்ல போனார், கேப்டனாவே போனார், அது எவ்வளவு பெரிய பாவம்னு அப்ப உறைக்கல. ஊழியக்காரரா ஆகி பல வருஷம் கழிச்சு 1788லதான் அந்த வியாபாரத்துல தனக்கு இருந்த பங்க வெளிப்படையா எழுதி, இந்த அறிக்கை ரொம்ப தாமதம்னு தானே ஒத்துக்கிட்டார். அவர் செத்த 1807லதான் பிரிட்டன்ல அந்த வியாபாரத்த சட்டம் போட்டு நிறுத்துனாங்க. தாமதத்த நியாயப்படுத்த இத சொல்லல, அந்த தாமதத்துல நிஜமான மனுஷங்க நாசமானாங்க. நாப்பது வருஷம் கழிச்சும் ஒரு மனுஷனோட கண்ண தேவன் இன்னும் திறந்துக்கிட்டே இருந்தார், அவன கைவிடலங்கறதுக்காக சொல்றேன்.

மன்னிக்க முடியாத பாவம் செஞ்சுட்டேனோன்னு கேட்டிருந்தீங்க. மத்தேயு 12ல அத சொன்னது, கண்ணு முன்னாடி பரிசுத்த ஆவி செஞ்ச கிரியைய பிசாசோட வேலைன்னு அடிச்சுச் சொன்ன பரிசேயர்கிட்ட. அவங்களுக்கு அதப் பத்தி கவலையே இல்ல. கவலைப்பட்டு ராத்திரி தூக்கம் இல்லாம கேக்குற உங்களுக்கு அந்த வசனம் இல்ல.

இனி திருவிருந்து. 1 கொரிந்தியர் 11ல 'அபாத்திரமாய்'னு வர்றத நாம 'அபாத்திரமான ஆள்'னு படிச்சுடறோம். அது ஆளப் பத்தி இல்ல, எடுக்குற விதத்தப் பத்தி. அங்க சபையில சிலர் முந்திக்கிட்டு சாப்பிட்டு வெறிச்சிருக்காங்க, பக்கத்துல ஒருத்தன் பசியா இருக்கான், அததான் கண்டிக்கறார். தகுதியுள்ளவங்க மட்டும்தான்னா அந்த மேசைக்கு யாருமே போக முடியாது. அடுத்த வசனம், "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து"ன்னு போகுது, சோதிச்சுட்டு விலகி உக்காருன்னு போகல. ஆனா மலைப்பிரசங்கத்துல இயேசு சொன்ன வரிசைய மறக்காதீங்க, காணிக்கைய பலிபீடத்துகிட்டயே வச்சுட்டு முதல்ல சகோதரன்கிட்ட போ, பின்பு வந்து செலுத்துன்னார். அதனால இந்த வாரமே நண்பர்கிட்ட போங்க, கணக்கு நோட்டையும் மீதி பணத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க, மொத்த பணமும் இல்லன்னா எப்ப தர முடியும்ங்கறத எழுதி எடுத்துட்டுப் போங்க. அவர் திட்டுவார், நட்பே முறியலாம், சட்டப்படி போறேன்னுகூட சொல்லலாம், அது அவர் உரிமை, கெஞ்சி அவர நெருக்காதீங்க. போதகர்கிட்டயும் சொல்லிடுங்க, பிள்ளைங்க வகுப்ப கொஞ்ச காலம் விடச் சொன்னா முறுமுறுக்காம விடுங்க. அப்புறம் வர்ற ஞாயித்துக்கிழம அந்த தட்டு உங்க வரிசைக்கு வரும்போது பக்கத்து ஆளுக்கு நகத்தி விடாதீங்க, கைய நீட்டி எடுத்துக்கோங்க.